கறுத்ததெல்லாம் பழுத்ததல்ல: புவேர்ட்டோ ரிக்கோ அடுக்களையில் பதினான்கு மாதம்

மார்த்தாண்டத்துக்காரிக்கு ஏத்தங்காயை, அதாவது நேந்திரங்காயை, பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை என்ற மிதப்பில்தான் நான் கரீபியன் கடல் தீவான புவேர்ட்டோ ரிக்கோ போய் இறங்கினேன். எங்கள் வீட்டில் ஏத்தன் குலை தொங்காத மாதம் கிடையாது. காயாக இருந்தால் உப்பேரி, அதாவது சிப்ஸ், தோலைக்கூட விடாமல் பயறு சேர்த்துத் தோரன், பழுத்தால் பழம்பொரி. அதனால் 2018 செப்டம்பரில் காகுவாஸ் என்ற ஊரில், மருந்து ஆலை ஒன்றில் ஒப்பந்த வேலைக்காக வாடகைக்கு மாடி வீடு பிடித்தபோது, பின்கட்டில் வாழை நிற்பதைப் பார்த்ததும், சரி, சாப்பாட்டுக் கவலை விட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

கீழ்வீட்டில் வீட்டுக்கார அம்மா. எழுபதைத் தாண்டியவர். தெருவே அவரை அபுவேலா என்றுதான் கூப்பிடும், பாட்டி என்று அர்த்தம், நானும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தேன். அவருக்கு நான் 'நேனா'. பெண்ணே என்று நாம் சொல்வதைப் போல. முதல் வாரமே நாலு பச்சைக்காயைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். ஒவ்வொன்றும் முழங்கையில் பாதி நீளம். அங்கே அதற்குப் பெயர் பிளாத்தானோ. சாதாரண வாழைப்பழம் என்றால் கினெயோ. இரண்டையும் மாற்றிச் சொன்னால் அங்கே குழந்தைகூடத் திருத்தும்.

நான் என்ன செய்தேன்? வேலைக்குப் போகும் அவசரத்தில் நாலையும் குளிர்சாதனப் பெட்டியில் தூக்கிப் போட்டேன். எட்டு நாள் கழித்துப் பார்த்தால் தோல் கறுத்துக் கிடந்தது. அடடா, பழுத்துவிட்டதே என்று மைதா, அரிசி மாவு எல்லாம் கரைத்துப் பழம்பொரிக்குத் தயாரானேன். வெட்டினால் உள்ளே சுண்ணாம்புக் கட்டி மாதிரி வெள்ளை. பொரித்தும் பார்த்தேன், துவர்ப்பு. ஒரு காயை எடுத்துக்கொண்டு கீழே போய், "உங்க ஊர்க் காய் பழுத்தாலும் இனிக்காதா?" என்று கேட்டேன். கேட்ட விதமும் கொஞ்சம் திமிர்தான்.

அபுவேலா வாங்கி அமுக்கிப் பார்த்தார். வெட்டிய முகத்தை மோந்து பார்த்தார். அப்புறம் சிரித்தார் பாருங்கள், நிற்கவே இல்லை. "குளிரில் வைத்தால் தோல் மட்டும் செத்துப்போகும் நேனா, உள்ளே இருப்பவனுக்கு அந்தச் சேதியே போகாது."

உண்மைதான். பச்சைக்காயைக் குளிரில் வைத்தால் தோல் கறுக்கும், ஆனால் பழுப்பது அப்படியே நின்றுவிடும். வெளியே எடுத்து வைத்தாலும் பிறகு ஒழுங்காகப் பழுக்காது. பழுக்க வேண்டுமானால் மேடையில் காற்றாட வையுங்கள், அவசரமென்றால் காகிதப் பையில் போட்டு மூடுங்கள். நன்றாகப் பழுத்த பிறகு குளிரில் வைக்கலாம், தோலுரித்து நறுக்கி உறைய வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். நிறத்தை மட்டும் நம்பாமல் அமுக்கிப் பார்ப்பது முக்கியம். பழுத்துக் கறுத்தது விரலுக்கு இடம் கொடுக்கும், குளிரில் கறுத்தது கட்டையாக நிற்கும்.

சிரித்து முடித்தவர் முகம் கொஞ்ச நேரத்தில் மாறிவிட்டது. "நாலுமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். ஏன் என்று அன்றைக்குப் புரியவில்லை.

இரண்டு வாரம் கழித்து அவருடைய பேரன் சொல்லித்தான் தெரிந்தது. அதற்கு ஏறக்குறைய ஒரு வருடம் முன்னால், 2017 செப்டம்பர் 20 அன்று, மரியா சூறாவளி அந்தத் தீவைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனது. தீவின் பயிரில் மதிப்புக் கணக்கில் 80 சதவீதம் அழிந்தது என்று அத்தீவின் வேளாண் துறையே சொன்னது. வாழைக்கு எலும்பா இருக்கிறது, ஒரே ராத்திரியில் தோட்டம் தோட்டமாகப் படுத்துவிட்டது. மறுநாள் காலையில் தெருக்காரர்கள் விழுந்த மரங்களிலிருந்து முற்றாத குலைகளை எல்லாம் வெட்டிச் சேர்த்தார்களாம். மின்சாரம் இல்லை. இருந்த ஒரு எரிவாயு அடுப்பில் இரண்டு வாரம் பிளாத்தானோவை அவித்தும் பொரித்தும் தெருவே சாப்பிட்டது. அதற்குப் பிறகு உள்ளூர்க் காய் என்ற பேச்சே இல்லை. ஏறக்குறைய எல்லா உணவையும் கப்பலில் வரவழைக்கிற தீவில் இந்த ஒரு காய்தான் எங்களுடையது என்று சொல்லிக்கொள்ளும்படி இருந்தது, அதுவும் போயிற்று. விழுந்த மரத்தடியில் முளைத்த கன்றுகளை அபுவேலா பிரித்து நட்டார். அந்தக் கன்றுகளை அங்கே 'இஹோ' என்கிறார்கள், பிள்ளை என்று பொருள். நட்டுக் குலை வெட்ட ஒன்பது மாதத்திலிருந்து ஒரு வருடம் ஆகும். அப்படி வந்த முதல் குலையிலிருந்துதான் எனக்கு நாலு காய். ஊரில் சகஜமாகப் போடப்படுகிற மரிகோங்கோ என்ற வகையில் ஒரு குலைக்கு முப்பது நாற்பது காய்தான் தேறும், அதில் நாலு.

அதற்கப்புறம் ஒரு காயைக்கூட நான் வீணாக்கவில்லை. சனிக்கிழமைதோறும் கீழ்வீட்டு அடுக்களையில் நின்றேன்.

அங்கே நான் முதலில் விட வேண்டியிருந்தது 'காய், பழம்' என்ற இரண்டே பெட்டிக் கணக்கை. அபுவேலாவுக்கு ஒரு குலை என்பது பத்துப் பன்னிரண்டு நாளைக்கான சமையல் பட்டியல். வெட்டிய அன்று கல் மாதிரி இருப்பது பொரித்துத் தட்டுவதற்கும் இடிப்பதற்கும். இரண்டு மூன்று நாளில் பச்சையில் மஞ்சள் ஓடத் தொடங்குவது 'பிந்தோன்', அது கஞ்சியில் உருண்டையாகப் போடுவதற்கும் அவித்துத் தின்பதற்கும். இனிப்பு எட்டிப் பார்க்கும், ஆனால் உட்காராது. முழு மஞ்சளில் கறுப்புப் புள்ளி விழுந்தால் அமரீயோ, அதாவது மஞ்சள்காரன். மற்ற நாடுகளில் மதூரோ என்பார்கள். கடைசியாக, பார்த்தால் குப்பையில் போடத் தோன்றுகிற அளவுக்குக் கறுத்தது, அதுதான் அவருக்குத் தங்கம். சர்க்கரையே போடாமல் அடுப்பில் வாட்டிப் பட்டைத்தூள் தூவி வைத்துவிடுவார். தினமும் காலையில் குலையைத் தடவிப் பார்த்து இன்றைக்கு என்ன சமையல் என்று முடிவு செய்வார். நாம் சமையலை முடிவு செய்துவிட்டுக் கடைக்குப் போகிறோம், அங்கே காய் முடிவு செய்தது.

பச்சைக்காயை உரிக்கிற விதம் நமக்கும் உதவும். இரு முனையையும் நறுக்கி, விளிம்பு ஓடுகிற இடத்தில் நீளவாக்கில் தோலை மட்டும் கீறி, வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் போடுங்கள். பிறகு கீறலில் கட்டைவிரலை நுழைத்துப் பக்கவாட்டில் நெம்பினால் பட்டையாகக் கழன்று வரும். வாழைப்பழம் மாதிரி மேலிருந்து கீழே இழுத்தால் தோல் துண்டு துண்டாக வரும், நகமும் போகும். கையில் எண்ணெய் தடவிக்கொள்ளச் சொன்னது மட்டும் நான். கறைக்கு நம் ஊர் வைத்தியம். அவர் தடவிக்கொள்ளவில்லை. அங்கே 'மான்ச்சா தே பிளாத்தானோ', வாழைக்கறை, என்பது ஒரு பெருமை. இந்த மண்ணில் பிறந்தவனுக்கு அந்தக் கறை இருக்கும், எங்கே போனாலும் எவ்வளவு தேய்த்தாலும் போகாது என்று சொல்வார்கள். என் வெள்ளைச் சட்டைக்கு அந்தப் பெருமை முதல் வாரமே கிடைத்துவிட்டது.

முதலில் கற்றது தொஸ்தோன். பார்க்க எளிது, அதனால்தான் சொதப்பினேன். ஒரு அங்குலத் தடிமனில் வட்டமாக வெட்டி எண்ணெயில் போட்டு எடுத்து, தட்டையாக நசுக்கி, மறுபடி எண்ணெயில் போடுவது, அவ்வளவுதான். நான் பஜ்ஜிக்குக் காய வைக்கிற மாதிரி எண்ணெயைக் காய வைத்துவிட்டேன். வெளியே சிவந்தது, உள்ளே வேகவில்லை, தட்டும்போது நாலாகப் பிளந்தது. முதல் தடவை மிதமான சூட்டில், நிறம் மாறாமல் வேக மட்டும் வேண்டும். பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிடம், குத்தினால் கத்தி இறங்க வேண்டும். எடுத்த கையோடு சூட்டிலேயே தட்ட வேண்டும், ஆறினால் விரியாது, விரிசல்தான் விடும். அதற்கென்றே கீல் வைத்த மரப்பலகை உண்டு, தொஸ்தோனேரா என்று பெயர். இல்லையென்றால் பாத்திரத்தின் அடிப்பாகம் போதும், நான் இப்போதும் டம்ளரால்தான் நசுக்குகிறேன். தட்டியதை இரண்டு பல் பூண்டு நசுக்கிப் போட்ட உப்புத் தண்ணீரில் ஒரு முக்கு முக்கி, நன்றாக வடியவிட்டு, இப்போது எண்ணெயை நன்றாகக் காய வைத்துப் போட வேண்டும். சடசடவென்று தெறிக்கும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பூண்டுத் தண்ணீரைத் தவிர்த்துவிட்டு மேலே உப்பு மட்டும் தூவினால் ஆகாதா என்று கேட்டேன். ஆகும், ஆனால் அது கடையில் விற்கிறது என்றார்.

ஊருக்கு வந்த பிறகு மொந்தன் காயில் இதைச் செய்து பார்த்தேன். சரியாக வரவில்லை, தட்டும்போது ஓரமெல்லாம் மாவாக உதிர்ந்தது. முற்றிய ஏத்தங்காயில், அதாவது நேந்திரத்தில், ஏறக்குறைய அதே ருசி வருகிறது. பிளாத்தானோவும் நேந்திரமும் நெருங்கிய சொந்தம்தான்.

அடுத்தது மொஃபோங்கோ, பொரித்த காயை இடித்துச் செய்வது. அபுவேலாவிடம் ஒரு மர உரல் இருந்தது, பிலோன் என்பார்கள். நம் இடிகல்லைவிடக் கொஞ்சம் பெரியது, அவருடைய அம்மா வைத்திருந்தது, உள்ளே பூண்டு வாசம் ஊறி மரமே பூண்டாகிவிட்டது. நாலு பல் பூண்டையும் உப்பையும் முதலில் இடித்து, ஆலிவ் எண்ணெய் விட்டு, அதன்மேல் ஒரே தடவை பொரித்த பச்சைக்காய்த் துண்டுகளையும் மொறுமொறுப்பான பன்றித் தோல் வறுவலையும் போட்டு இடிப்பார். ஒரு ஆளுக்கு ஒரு காய், ஒவ்வொன்றாகத்தான் இடிப்பார், மொத்தமாகப் போட விடமாட்டார். கூழாக்கக் கூடாது, துண்டு தட்டுப்பட வேண்டும். கிண்ணத்தில் அமுக்கிக் கவிழ்த்து, பக்கத்தில் சூடான கோழிச் சாறு. அந்தச் சாறு அலங்காரத்துக்கு அல்ல, அது இல்லாமல் சாப்பிட்டால் தொண்டையில் சிமெண்ட் மாதிரி நிற்கும். அரை மணி நேரம் ஆறினால் உண்மையிலேயே சிமெண்ட்தான். எல்லோரும் மேசையில் உட்கார்ந்த பிறகுதான் உலக்கையை எடுப்பார். சைவம் சாப்பிடும் சென்னைத் தோழி ஒருத்தி வந்தபோது பன்றித் தோலுக்குப் பதில் வறுத்த பூண்டும் காய்கறிச் சாறும் வைத்து ஒப்பேற்றினோம். அவள் இரண்டாவது தடவை கேட்டு வாங்கினாள். அபுவேலா ஒரு வாய் ருசி பார்த்துவிட்டு, "நல்லாயிருக்கு, ஆனால் இதுக்கு வேற பேர் வை" என்றார்.

வாழை அந்தப் பக்கத்து மண்ணில் தோன்றிய பயிரே அல்ல. தென்கிழக்கு ஆசியாவிலிருந்து ஆப்பிரிக்காவுக்குப் போய், கானரித் தீவுகள் வழியாக 1516இல் தோமாஸ் தே பெர்லாங்கா என்ற பாதிரியார் பக்கத்து ஹிஸ்பானியோலா தீவுக்குக் கொண்டுவந்ததாகச் சொல்கிறார்கள். கரும்புத் தோட்டங்களில் அடிமைகளுக்குப் போட மலிவான தீனி என்றுதான் அது பரவியது. இடிப்பது என்பது அவர்கள் கையோடு வந்த வேலை. மேற்கு ஆப்பிரிக்காவில் கிழங்கை அவித்து இடிக்கிற ஃபூஃபூவின் வம்சம்தான் மொஃபோங்கோ. பேரன் இதை மேசையில் சொன்னபோது அபுவேலா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "என் அம்மாவோட கையைப் பார்த்திருந்தா நீ புத்தகம் படிக்க வேண்டியிருந்திருக்காது" என்றார்.

வீட்டில் நிரந்தரச் சண்டை ஒன்று உண்டு. சின்ன மருமகன் டொமினிக்கன் குடியரசுக்காரர். அவருக்கு விடிந்தால் மங்கூ வேண்டும். பச்சைக்காயை உப்புப் போட்டு இருபது இருபத்தைந்து நிமிடம் குழைய அவித்து, வெண்ணெயும் வேகவைத்த தண்ணீரும் விட்டு மசித்து, மேலே காடியில் வதக்கிய சிவப்பு வெங்காயம். பக்கத்தில் பொரித்த பாலாடைக்கட்டி, சலாமி, முட்டை, இந்த மூன்றும் சேர்ந்தால் 'மூன்று குத்து' என்று பெயர். மசித்த மரச்சீனிக் கிழங்கு சாப்பிட்டு வளர்ந்த எனக்கு அது முதல் வாயிலேயே வீடு மாதிரி இருந்தது, அதை வெளியே சொல்லிவிட்டேன், அபுவேலா ஒரு நாள் முழுக்க என்னோடு சரியாகப் பேசவில்லை. மருமகன் சொன்ன சூட்சுமம் இரண்டு. ஒன்று, நினைப்பதைவிடத் தளர்வாக மசிக்க வேண்டும், தட்டில் இறுகும். இரண்டு, கடைசியில் ஒரு கரண்டி ஐஸ் தண்ணீர் விட்டு அடித்தால் வழவழப்பு வரும். இரண்டும் பலிக்கிறது. அமெரிக்கப் படைக்காரன் ஒருவன் அதைத் தின்றுவிட்டு 'மேன், குட்' என்றானாம், அதுதான் மங்கூ ஆயிற்றாம் என்று ஒரு கதையும் சொல்வார். சிரித்துவிட்டு விட்டுவிட வேண்டிய கதை.

பழுத்ததைப் பொரிப்பதில் ஒரே விஷயம்தான், சூட்டைக் குறையுங்கள். சர்க்கரை அதிகம், நொடியில் கரிந்துவிடும். சாய்வாக வெட்டி, கொஞ்சம் எண்ணெயில் நிதானமாகப் புரட்டிப் போட்டால் ஓரம் பாகு கட்டும். மாவு முக்காமல் பொரிக்கிறார்களே என்று எனக்கு வேடிக்கை, மாவு முக்கிப் பொரிக்கிறாளே என்று அவர்களுக்கு. ஒரு மழை நாளில் பழம்பொரி போட்டுக் கொடுத்தேன், பேரன் ஏழு தின்றான். அவர்கள் பொரித்த பழத்தைச் சோற்றோடு சாப்பிடுவதுதான் எனக்குப் பழகக் கொஞ்சம் நாளாயிற்று. 'கந்தூலே' போட்ட சோற்றுக்கு தொட்டுக்கொள்ள இனிப்புப் பழம். அந்தக் கந்தூலே என்ன என்று பார்த்தால் நம் துவரை, பச்சைத் துவரை! சாம்பாரில் பருப்பாக மட்டும் பார்த்த ஆளை அங்கே சோற்றுக்குள் முழுசாகப் பார்த்தேன்.

டிசம்பர் வந்தது. டிசம்பர் என்றால் பஸ்தேலெஸ், மாவுக்குள் கறி வைத்து வாழை இலையில் மடித்து அவிக்கிற பண்டம். கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரம் முன்னால் ஒரு ஞாயிறு, கார் நிறுத்தும் கூடத்தில் மேசைகளைச் சேர்த்துப் போட்டு பதினொரு பேர் உட்கார்ந்தோம். நூற்றிருபது பஸ்தேல் கணக்கு. பச்சைக் கினெயோதான் பெரும்பங்கு, அதோடு பிளாத்தானோ கொஞ்சம், சேப்பங்கிழங்குக்குச் சொந்தமான யவுத்தியா, ஒரு கீற்றுப் பூசணி. எல்லாவற்றையும் துருவி அரைத்து, சிவப்பு விதை போட்டுக் காய்ச்சிய எண்ணெயும் சாறும் சேர்த்த மாவு. நடுவில் பன்றிக்கறி மசாலா, கொண்டைக்கடலை. பிளாத்தானோவையே முழுக்கப் போட்டால் என்ன என்று நான் கேட்டேன், செருப்பின் அடித்தோல் மாதிரி கெட்டியாகும் என்று நாலு பேர் ஒரே நேரத்தில் பதில் சொன்னார்கள். துருவுவதற்கு இயந்திரம் இருந்தும் மூன்றில் ஒரு பங்கைக் கையால்தான் துருவ வேண்டும் என்பது அபுவேலாவின் சட்டம். என் விரல் மூட்டு இரண்டு உரிந்துபோனது.

வாழை இலை வந்தபோதுதான் எனக்கு உயிர் வந்தது. அவர்களும் தணலில் இலையை வாட்டித்தான் மடிப்பார்கள், ஆனால் பெரிய மகள் காட்டிய வேகத்தில் நாலுக்கு ஒன்று கிழிந்தது. நான் வாங்கி, நடுநரம்பைச் சீவி, பின்பக்கத்தைத் தணலுக்குக் காட்டி நிறம் மாறி மினுங்கும் கணத்தில் இழுத்துக்கொண்டே போனேன். பொதிச்சோறு கட்டுகிற வீட்டில் பிறந்தவளுக்கு இதுகூட வராதா. அபுவேலா மாவுக் கரண்டியைக் கையில் பிடித்தபடியே கொஞ்ச நேரம் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் பெரிய மகளை எழுப்பிவிட்டு என்னை அந்த நாற்காலியில் உட்காரச் சொன்னார். அந்தப் பதவி உயர்வில் தலைகால் புரியாமல், நூல் எதற்கு, வாழைநாரில் கட்டுகிறேன் என்று கிளம்பி, பின்கட்டில் பட்டை உரித்து ஈர நாரிலேயே ஒரு ஜோடி கட்டினேன். காய்ந்த நாரை நனைத்துக் கட்ட வேண்டும் என்று தெரியாதவளா நான்? கொதிக்கிற பானையில் இரண்டும் அவிழ்ந்து கஞ்சியாகிவிட்டன. மருமகன் அந்தக் கஞ்சியையும் ஒரு கிண்ணத்தில் ஊற்றிக் குடித்துவிட்டு, "நீ அப்பிளாத்தனாதா ஆகிவிட்டாய்" என்றார். வெளியூர்க்காரி உள்ளூர்ப் பழக்கத்தில் ஊறிப்போனால் அவர்கள் சொல்கிற வார்த்தை அது, வாழையாகிப் போனவள் என்று வைத்துக்கொள்ளலாம்.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு: இலைக்கு மேல் காகிதம் சுற்றி, முகத்துக்கு முகம் வைத்து இரண்டிரண்டாகக் கட்டி, உப்புத் தண்ணீரில் ஒரு மணி நேரம் கொதிக்க வேண்டும், பாதியில் ஒரு தடவை திருப்பிப் போட வேண்டும். மிச்சத்தை வேகவைக்காமலே உறைய வைத்து, உறைந்தபடியே கொதிநீரில் போடலாம், உருக விட்டால் தண்ணீர் விட்டுக்கொள்ளும். தக்காளி கெச்சப் தொட்டுச் சாப்பிடலாமா கூடாதா என்பதில் மட்டும் தலையிடாதீர்கள். அங்கே அண்ணன் தம்பி பேச்சு நின்றுபோகிற விவகாரம் அது.

நூற்றிருபதில் இருபத்துநாலைச் சிவப்பு நூலால் கட்டச் சொன்னார் அபுவேலா. யாருக்கு என்று நான் கேட்கவில்லை, சின்ன மகள் மெதுவாகச் சொன்னாள். நடுவிலுள்ள மகள் மரியா சூறாவளிக்குப் பிறகு குடும்பத்தோடு ஃபுளோரிடாவில் உள்ள ஒர்லாண்டோ போய்விட்டாள், அங்கே வேலை கிடைத்துவிட்டது, திரும்பி வருகிற பேச்சு இல்லை. உறைந்த பஸ்தேலெஸ் பெட்டியில் துணிகளுக்கு நடுவே விமானத்தில் போகும். அந்த இருபத்துநாலையும் அவரே மடித்தார், வேறு யாரையும் தொட விடவில்லை. பிள்ளைகளைப் பிரித்து நடுகிற கைதான்.

2019 நவம்பரில் ஒப்பந்தம் முடிந்து ஊருக்கு வந்தேன். உரல் தருகிறேன் என்றார், பதறிப்போய் மறுத்துவிட்டேன், தொஸ்தோனேராவை மட்டும் வாங்கிக்கொண்டேன். போன மாதம் வடசேரி சந்தையில் நல்ல முற்றிய ஏத்தங்காய் நாலு கிடைத்தது. மேடையில் வைத்துப் படம் எடுத்து அனுப்பினேன், அமரீயோவுக்கு எப்போது ஆகும் என்று கேட்டு. பத்து நிமிடத்தில் வீடியோவில் கூப்பிட்டார். கிட்டே காட்டு, திருப்பிக் காட்டு, காம்பைக் காட்டு, அமுக்கு, என் விரல் எவ்வளவு பதிகிறது என்று பார்த்தார். "வெள்ளிக்கிழமை. அதுக்கு முன்னாடி தொடாதே. குளிரில் வைக்காதே." சரி என்றேன்.

வியாழக்கிழமை வேலை முடிந்து வந்து பார்த்தால் மேடை காலி. பழுக்கிறதே, வீணாகிவிடப் போகிறது என்று அம்மா நாலையும் வட்ட வட்டமாகச் சீவி உப்பேரி போட்டு, டப்பாவில் அடைத்துக்கொண்டிருந்தார்.